சிஸ்டம் அட்மின் வேலை இன்னும் இருக்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1999-இல் சென்னையில் சிஸ்டம் அட்மினாக வேலைக்குச் சேர்ந்தேன். இன்றும் அதே துறையில்தான் இருக்கிறேன். அடையாள அட்டையில் பதவியின் பெயர் மட்டும் ஐந்து முறை மாறிவிட்டது. சனிக்கிழமைகளில் கல்லூரி முடித்த பிள்ளைகள் சிலருக்கு லினக்ஸ் சொல்லிக் கொடுக்கிறேன். அவர்களும் அவர்களுடைய பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை.

சிஸ்டம் அட்மின் என்றால் என்ன வேலை? புரோகிராமர் செய்வதிலிருந்து எப்படி வேறு?

புரோகிராமர் மென்பொருளை எழுதுகிறார். அது ஓடுகிற இடத்தைப் பார்த்துக்கொள்பவர் அட்மின். சர்வர், நெட்வொர்க், யாருக்கு எதைத் திறக்க அனுமதி, பேக்கப், பாதுகாப்பு எல்லாம் அவர் பொறுப்பு. வங்கியின் ஆப் காலையில் ஒழுங்காகத் திறக்கிறதென்றால், ராத்திரி இரண்டு மணிக்கு யாரோ ஒருவர் மென்பொருளின் ஓட்டையை அடைக்கும் பேட்ச் போட்டு, சரிபார்த்துவிட்டுப் படுக்கப் போயிருக்கிறார்.

நீங்கள் சேர்ந்தபோது வேலை எப்படி இருந்தது?

கைவேலை அதிகம். அண்ணா சாலையில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் எங்கள் சர்வர் ரூம். ஆறு சர்வர்கள், எல்லாம் விண்டோஸ் என்டி 4. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஊர்ப் பெயர் வைத்திருந்தோம். மதுரை என்ற மெயில் சர்வர் திங்கட்கிழமை காலையில் கட்டாயம் மக்கர் பண்ணும். அதனால் எட்டு மணிக்கே போய் ரீபூட் செய்துவைப்போம். கேபிள் வேண்டுமென்றால் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டில் கட்டாக வாங்கி வந்து, அளந்து வெட்டி, எட்டுக் கம்பிகளையும் நிற வரிசைப்படி அடுக்கி, கிரிம்பிங் டூலால் அழுத்த வேண்டும். ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இன்றும் சொல்வேன். நாற்பது பேருக்குச் சேர்த்து 64 கேபிபிஎஸ் லீஸ்டு லைன், அதாவது எங்களுக்கென்றே தனியாக எடுத்த இணைப்பு.

சாயங்காலம் பேக்கப் டேப் மாற்றுவது புதிதாகச் சேர்ந்தவர் வேலை, அதாவது என் வேலை. ஒரு டேப்பில் 12 ஜிபி பிடிக்கும். திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து டேப், ஒவ்வொன்றின் மேலும் கிழமை எழுதியிருக்கும். தீப்பிடித்தால் என்ன செய்வது என்று வெள்ளிக்கிழமை டேப்பை மட்டும் மேனேஜர் வீட்டுக்கு எடுத்துப் போவார். எட்டு மாதம் ஒருநாள்கூட விடாமல் மாற்றினேன். ஒருநாள் அக்கவுண்ட்ஸ் ஃபோல்டரை யாரோ தெரியாமல் அழித்துவிட்டார்கள். டேப்பைப் போட்டேன், படிக்கவில்லை. அடுத்த டேப், அதுவும் படிக்கவில்லை. டிரைவின் ஹெட் பழுதாகி எத்தனையோ நாளாகியிருந்தது. ராத்திரி வேலை முடிந்ததா இல்லையா என்பதைத்தான் பேக்கப் மென்பொருள் காட்டியது, உள்ளே எழுதியதைத் திரும்பப் படிக்க முடியுமா என்று நாங்கள் ஒருமுறையும் பார்க்கவில்லை. மூன்று வாரக் கணக்கை அக்கவுண்ட்ஸ் பிரிவினர் காகித வவுச்சரைப் பார்த்து மறுபடி டைப் செய்தார்கள். என் சீனியர் திட்டவில்லை. "இத்தனை நாள்ல ஒரு தடவையாவது ரீஸ்டோர் பண்ணிப் பாத்தியா தம்பி?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு எந்தக் கருவி கைக்கு வந்தாலும் நான் முதலில் கேட்பது அந்தக் கேள்வியைத்தான்.

ஒய்2கே உண்மையிலேயே அவ்வளவு பெரிய பிரச்சினையா, ஊதிப் பெருக்கியதா?

உண்மையான பிரச்சினைதான். பழைய மென்பொருள்களில் வருடத்தை இரண்டு இலக்கத்தில் எழுதி வைத்திருந்தார்கள். 99-க்கு அடுத்து 00 வந்தால் கணினிக்கு அது 1900. கோபால் (COBOL) என்ற பழைய புரோகிராமிங் மொழியில் எழுதிய லட்சக்கணக்கான வரிகளை உட்கார்ந்து திருத்தியதால்தான் அன்றிரவு பெரிதாக எதுவும் உடையவில்லை. அந்த வேலையைச் செய்துதான் சென்னையில் ஆயிரக்கணக்கானவர்கள் இந்தத் துறைக்குள் வந்தார்கள். 1999 டிசம்பர் 31 இரவு நாங்கள் ஏழு பேர் அலுவலகத்தில் இருந்தோம். வருகைப் பதிவு இயந்திரம் மட்டும் 1900 என்று காட்டியது. அடுத்த தேதியையும் சொல்லிவிடுகிறேன்: 2038 ஜனவரி 19, இந்திய நேரப்படி காலை 8.44. நேரத்தை 32 பிட் எண்ணில் சேமிக்கும் பழைய யூனிக்ஸ் வகைக் கணினிகளில் அந்த எண் அப்போது நிரம்பிவிடும். தொழிற்சாலைகளிலும் கருவிகளுக்குள்ளும் புதைந்து கிடக்கும் பழைய கணினிகளைத் தேடித் திருத்தும் வேலை இன்று படிக்கும் பிள்ளைகளுக்குக் காத்திருக்கிறது.

முதல் பெரிய மாற்றம் எப்போது வந்தது?

வெளியிலிருந்து பார்த்தவர்கள் 2000 ஜூலையைச் சொல்வார்கள். தரமணியில் டைடல் பார்க்கைப் பிரதமர் வாஜ்பாய் திறந்துவைத்தார், அப்புறம் பழைய மகாபலிபுரம் சாலையே மாறிப்போனது. எங்கள் வேலைக்குள் வந்த மாற்றம் அதற்குச் சில வருடம் கழித்து, விஎம் என்கிற மெய்நிகர் சர்வராக வந்தது.

அதுவரை ஒரு புது சர்வர் வேண்டுமென்றால் கொட்டேஷன், ஒப்புதல், ஆர்டர், டெலிவரி என்று ஆறு வாரம் ஆகும். வந்ததை நாலு பேர் தூக்கி ரேக்கில் மாட்ட வேண்டும். ஒரே பெரிய சர்வருக்குள் மென்பொருளால் இருபது சர்வர்களை உருவாக்கலாம் என்று ஆனதும் ஆறு வாரம் பத்து நிமிடமாகச் சுருங்கியது. நல்லதுதான். ஆனால் அந்த ஆறு வாரத்தில் "இது எதற்கு, எவ்வளவு நாளைக்கு?" என்று குறைந்தது மூன்று பேராவது கேட்டிருப்பார்கள். பத்து நிமிடத்தில் கிடைக்கும் பொருளைப் பற்றி யாரும் எதுவும் கேட்பதில்லை. இரண்டே வருடத்தில் எங்களிடம் இருநூறு சர்வர்கள் ஓடிக்கொண்டிருந்தன. அதில் அறுபது யாருக்குச் சொந்தம் என்று யாருக்கும் தெரியவில்லை. அணைக்கவும் பயம். ஒவ்வொன்றுக்கும் உரிமையாளரைத் தேடிப் பதிவேட்டில் எழுதுவதே என் வேலையில் பாதி ஆனது.

கிளவுடு வந்ததும் அட்மின் வேலை போய்விட்டதா?

ரேக்கில் மாட்டுகிற வேலை எங்களை விட்டுப் போனது, அது டேட்டா சென்டர்களுக்கு இடம் மாறியது. அமேசான் 2006-இல் சர்வரை இணையம் வழியாக மணிக்கணக்கில் வாடகைக்குக் கொடுக்கத் தொடங்கியது, அதைத்தான் கிளவுடு என்கிறோம். மைக்ரோசாப்டின் கிளவுடான அஷூரின் தென்னிந்திய மண்டலம், அதாவது டேட்டா சென்டர் தொகுப்பு, 2015-இல் சென்னையிலேயே வந்தது. அமேசானின் மும்பை மண்டலம் 2016-இல் வந்தது. இங்கே சென்னையில் கடலடிக் கேபிள்கள் கரையேறுகின்றன. சிங்கப்பூரோடு இணைக்கும் ஐ2ஐ கேபிள் 2002-இல் வந்தது. அந்தமான் தீவுகளுக்குப் போகும் சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள் 2020 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் டேட்டா சென்டர்கள் இருக்கின்றன. அவற்றில் மின்சாரம், குளிரூட்டல், கேபிள் பார்ப்பவர்களும் ஐடிகாரர்கள்தான்.

எங்களுக்குப் புதிதாக வந்து சேர்ந்தது பணக் கணக்கு. முன்பு சர்வருக்கு ஒருமுறை செலவழித்தால் ஐந்து வருடம் கேள்வி இல்லை. கிளவுடில் மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு பொங்கல் விடுமுறைக்கு முன் எங்கள் குழுவில் ஒரு பையன் சோதனைக்காகப் பெரிய இயந்திரங்கள் பன்னிரண்டைக் கிளப்பிவிட்டு, அணைக்க மறந்து ஊருக்குப் போய்விட்டான். ஐந்து நாள் கழித்துப் பார்த்தால் அவனுடைய இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் பில். நான் அவனைக் குறை சொல்லவில்லை. தானாக அணைக்கிற விதியை முதலிலேயே எழுதி வைக்காதது என் தவறு.

2015 வெள்ளம் பற்றி அடிக்கடி சொல்கிறீர்களே, அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

என் வேலை வாழ்க்கையில் அதிகம் கற்ற வாரம் அது. டிசம்பர் 1 இரவு அடையாறு கரையை மீறியது. விமான நிலையம் மூடப்பட்டது. 1878-இல் தொடங்கிய தி இந்து நாளிதழே மறுநாள் அச்சாகவில்லை, அச்சகத்துக்கு ஆட்கள் போய்ச்சேர முடியவில்லை.

அப்போது நான் வேலை பார்த்த நிறுவனத்தில் டிஆர் ஏற்பாடு உண்டு. ஓர் இடம் செயலிழந்தால் இன்னோர் இடத்திலிருந்து வேலையைத் தொடர்வதற்கான மாற்றிடம் அது. வருடா வருடம் தணிக்கையில் டிக் வாங்கியிருக்கிறோம். அந்த மாற்றிடம் எங்கே இருந்தது தெரியுமா? அதே சென்னையில், பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு கிளையில். தீ விபத்தை நினைத்துப் போட்ட திட்டம் அது, ஊரே நனையும் என்று யாரும் நினைக்கவில்லை. இரண்டு இடத்திலும் கரண்ட் போனது. இரண்டு இடத்திலும் ஜெனரேட்டர் ஓடியது. டீசல் ஒன்றரை நாளைக்குத்தான் இருந்தது, டீசல் லாரி வர ரோடு இல்லை. எதை முதலில் அணைப்பது, எந்த வரிசையில் திரும்பக் கிளப்புவது என்று எழுதி வைத்த கையேடு ஏற்கெனவே அணைந்துபோன சர்வரில் இருந்தது. செல்போன் டவரும் சரியாக வேலை செய்யவில்லை. எங்கள் ஆட்களில் பாதிப் பேர் தங்கள் வீட்டு மாடியில் தண்ணீருக்கு நடுவே நின்றிருந்தார்கள். அவர்களிடம் "லாகின் பண்ணுங்கள்" என்று எப்படிக் கேட்பது? பெங்களூருக் கிளையில் இருந்த மூன்று பேர், எங்கள் சிஸ்டத்தை அதுவரை தொட்டே பார்க்காதவர்கள், நாங்கள் அரைகுறை சிக்னலில் போனில் சொல்லச் சொல்ல நான்கு நாள் நடத்தினார்கள்.

அதற்குப் பிறகு மாற்றிடம் வேறு மாநிலத்துக்குப் போனது. கையேட்டின் அச்சுப் பிரதி மூன்று பேர் வீட்டில் இருந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிஜமாகவே சென்னையை அணைத்துவிட்டு அங்கிருந்து ஓட்டிப் பார்த்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணைப் பக்கமெல்லாம் தண்ணீர் நின்றபோது எங்கள் வாடிக்கையாளர்களுக்கு எதுவும் தெரியவில்லை. இதில் கிளவுடின் பங்கு கொஞ்சம்தான், ஒத்திகை பார்த்துப் பழகியதன் பங்குதான் பெரியது.

டெவ்ஆப்ஸ், எஸ்ஆர்இ என்பதெல்லாம் பழைய வேலைக்குப் புதுப் பெயரா?

பாதி அப்படித்தான், பாதி இல்லை. மென்பொருளை எழுதுகிறவர்களும் ஓட்டுகிறவர்களும் சேர்ந்து வேலை செய்வதுதான் டெவ்ஆப்ஸ், அந்தச் சொல் 2009 வாக்கில் பரவியது. அதற்கு முன் எழுதுகிறவர்கள் ஒரு மாடி, ஓட்டுகிறவர்கள் இன்னொரு மாடி. ஏதாவது உடைந்தால் மாடிக்கு மாடி மெயில் சண்டை. இரண்டு பேரும் ஒரே குழுவாக உட்கார்ந்ததும் அந்தச் சண்டை பெரிதும் குறைந்தது. இதை நான் கண்ணால் பார்த்தேன்.

எஸ்ஆர்இ (சைட் ரிலையபிலிட்டி இன்ஜினீயரிங்), அதாவது சேவை நம்பகமாக ஓடுவதைப் பொறியியலாகப் பார்ப்பது, கூகுளில் தொடங்கிய முறை. அதில் எனக்கு மிகவும் பிடித்தது கணக்கு. 99.9 சதவீதம் சேவை கிடைக்க வேண்டும் என்றால் 30 நாள் மாதத்தில் சுமார் 43 நிமிடம் விழலாம். அந்த 43 நிமிடம் உங்கள் கையிருப்பு. மிச்சம் இருந்தால் புதிய மாற்றங்களைத் துணிந்து போடலாம். தீர்ந்துவிட்டால் புது வேலையை நிறுத்திவிட்டு இருப்பதை உறுதியாக்க வேண்டும். "எப்போதும் ஓட வேண்டும்" என்று மட்டும் சொல்லும் மேலாளரிடம் பேச இப்படி ஓர் எண் கையில் இல்லாமல் நாங்கள் பல வருடம் தவித்திருக்கிறோம்.

சாட்ஜிபிடி போன்றவை வந்த பிறகு என்ன மாறியிருக்கிறது?

2022 நவம்பர் கடைசியில் சாட்ஜிபிடி வந்தது. இன்று என் குழுவில் அதுபோன்ற ஒன்றைத் திறந்து வைக்காமல் வேலை செய்பவர் யாரும் இல்லை, நானும்தான். சர்வர் தானே எழுதி வைக்கும் நடப்புக் குறிப்பான லாகில் ஆயிரம் வரியைக் கொடுத்து எங்கே தப்பு என்று கேட்டால், முன்பு அரை நாள் எடுத்த வேலை ஐந்து நிமிடத்தில் ஓரளவு முடிகிறது. மறந்துபோன கட்டளையைத் தேடுவதில்லை.

ஆபத்தையும் பார்த்தேன். பழைய லாக் கோப்புகளை அழிக்க ஒரு ஸ்கிரிப்ட் கேட்டு வாங்கினான் ஒரு பையன். படிக்க அழகாக இருந்தது. ஆனால் ஃபோல்டரின் பெயர் வர வேண்டிய இடம் ஏதோ காரணத்தால் காலியாக வந்தால், சர்வரின் வேரிலிருந்தே எல்லாவற்றையும் அழிக்கத் தொடங்கியிருக்கும். அதை ரிவ்யூவில் பிடித்தவர் இருபது வருடத்துக்கு முன்பு அதே தப்பைத் தன் கையால் செய்து, விடிய விடிய ரீஸ்டோர் செய்த ஓர் அக்கா. அந்த இயந்திரம் எழுதித் தரும், பதில் சொல்லாது. வாடிக்கையாளர் போனில் கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியவர் நாம்தான்.

அப்படியென்றால் ஃப்ரெஷர்கள் பயப்பட வேண்டாமா?

இந்தக் கேள்விக்குத்தான் எனக்கு நிம்மதியான பதில் இல்லை. பாஸ்வேர்டு மாற்றித் தருவது, டிஸ்க் நிரம்பினால் துடைப்பது, பிரின்டர் வேலை செய்யவில்லை என்பவரிடம் பொறுமையாகப் பேசுவது, இதையெல்லாம் எல்1 டிக்கெட், அதாவது முதல் நிலை உதவிக் கோரிக்கை என்போம். நாங்கள் எல்லோரும் அதைச் செய்துதான் வளர்ந்தோம். ஆயிரம் சின்னச் சின்னக் கோளாறுகளைப் பார்த்த பிறகுதான் பெரிய கோளாறின் வாசனை தெரியும். இன்று அந்த டிக்கெட்டுகளில் பெரும்பகுதியைத் தானியங்கிகள் முடிக்கின்றன. ஏணியின் முதல் இரண்டு படிகளை எடுத்துவிட்டு, "மூன்றாம் படியில் அனுபவசாலி வேண்டும்" என்று நிறுவனங்கள் விளம்பரம் கொடுக்கின்றன. இது சரியில்லை என்று கூட்டங்களில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

என் குழுவில் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். வாரத்தில் ஒரு நாள் தானியங்கியை நிறுத்திவிட்டு, வருகிற டிக்கெட்டுகளைப் புதியவர்களே கையால் தீர்க்கிறார்கள். நேரம் அதிகம் ஆகிறது. மேலிடத்தில் கேள்வி வந்தது, எழுத்தில் பதில் கொடுத்து அனுமதி வாங்கினேன். இப்படிச் செய்யாத நிறுவனத்தில் சேர்ந்திருந்தால், நீங்களே போய்க் கேளுங்கள். "முடித்துவைத்த டிக்கெட்டுகளை நான் படிக்கலாமா?" என்று கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

பழைய திறமைகளுக்கு இனி மதிப்பு உண்டா?

2024 ஜூலை 19-ஐ நினைத்துப் பாருங்கள். கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் தவறான அப்டேட்டால் உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பல கணினிகளுக்குத் தொலைவிலிருந்து வைத்தியம் இல்லை. ஒவ்வொன்றாக சேஃப் மோடில், அதாவது மிக அவசியமானவை மட்டும் ஓடும் நிலையில் கிளப்பி ஒரு கோப்பை அழிக்க வேண்டியிருந்தது, டிஸ்க் பூட்டியிருந்தால் அதன் சாவி எண்ணும் வேண்டும். சேஃப் மோடு என்றால் என்னவென்று கைப்பழக்கமாகத் தெரிந்தவர்களுக்கு அன்று எவ்வளவு தேவை இருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நாற்பது வயதுக்கு மேல் இந்தத் துறையில் இருக்க முடியுமா?

இருக்கிறேன். ஆனால் சுலபம் என்று பொய் சொல்ல மாட்டேன். 2025 ஜூலையில் டிசிஎஸ் சுமார் 2 சதவீத ஊழியர்களை, அதாவது 12,000-க்கும் மேற்பட்டவர்களைக் குறைப்பதாக அறிவித்தபோது, பெரும்பாலும் நடு, மூத்த நிலைகளில் இருப்பவர்களைத்தான் சொன்னது. நான் பார்த்தவரை சிரமப்பட்டவர்கள், கையால் வேலை செய்வதை விட்டுவிட்டு ஸ்டேட்டஸ் ஷீட் சேகரிப்பதை மட்டும் வேலையாக வைத்திருந்தவர்கள். அதுவும் அவர்கள் தவறு மட்டும் இல்லை, நிறுவனங்கள்தான் அதைப் பதவி உயர்வு என்று சொல்லிக் கொடுத்தன. வாரத்தில் சில மணி நேரமாவது கட்டளைகளைத் தட்டும் டெர்மினலில் உட்காருங்கள். வீட்டுக் கடனைச் சம்பளத்தின் உச்சத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

நைட் ஷிப்ட் கட்டாயமா?

அமெரிக்க வாடிக்கையாளர் என்றால் ஏதோ ஒரு வடிவில் உண்டு. நியூயார்க்கின் காலை 9 மணி நமக்குக் கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. மார்ச்சிலும் நவம்பரிலும் அவர்கள் கடிகாரத்தை மாற்றும்போது நம் வீட்டு இரவுச் சாப்பாட்டு நேரமும் மாறும். இரவு முழுக்க அலுவலகத்தில் இருப்பது குறைந்து, இப்போது வீட்டிலிருந்தே ஆன்கால் பார்ப்பது, அதாவது கோளாறு வந்து கூப்பிட்டால் எடுக்கத் தயாராக இருப்பது அதிகம். ஆன்கால் வாரம் முடிந்ததும் ஒரு நாள் விடுப்பு உண்டா என்று நேர்காணலிலேயே கேளுங்கள்.

சர்டிஃபிகேஷன் அவசியமா?

ரெஸ்யூமே வடிகட்டலைத் தாண்ட ஒன்று போதும். ஐந்து வைத்திருப்பவரிடம் நான் ஐந்து மடங்கு எதிர்பார்த்ததில்லை.

இன்ஜினீயரிங் படிக்காமல் வரலாமா?

வரலாம். ஜோஹோ 2005 வாக்கிலேயே பன்னிரண்டாம் வகுப்பு, டிப்ளமோ முடித்தவர்களை எடுத்துத் தானே பயிற்சி கொடுக்கும் பள்ளியைத் தொடங்கியது. சென்னை ஐஐடி 2021 முதல் டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பை ஆன்லைனில் நடத்துகிறது, அதற்கு ஜேஇஇ தேவையில்லை. தமிழக அரசின் நான் முதல்வன் திட்டம் 2022-இல் வந்தது, கல்லூரியில் இருக்கும்போதே அதன் படிப்புகளைச் சேர்த்துக்கொள்ளலாம். என்னிடம் படித்தவர்களில் இப்போது ஒரு வங்கியின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் பெண் பி.ஏ. வரலாறு.

வீட்டில் எப்படிப் பயிற்சி எடுப்பது? கிளவுடு கணக்குக்குக் காசு இல்லை.

காசு அதிகம் வேண்டாம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய அலுவலகக் கணினி ஒன்று வாங்குங்கள், 8 ஜிபி மெமரி இருந்தால் போதும். வாங்கும்போதே கடையில் ஆன் செய்து பார்த்து, ஃபேன் சத்தத்தையும் கேட்டு வாங்குங்கள். விண்டோஸை எடுத்துவிட்டு டெபியன் லினக்ஸ் போடுங்கள். அதில் ஒரு வலைத்தளத்தை ஓடவிடுங்கள், வீட்டு மளிகைக் கணக்கு எழுதும் சின்னத் தளமாக இருந்தால் நல்லது, அம்மா நிஜமாகவே பயன்படுத்துவார். தினமும் ராத்திரி ஒரு வெளி ஹார்டு டிஸ்க்குக்கு பேக்கப் எடுக்க ஸ்கிரிப்ட் எழுதுங்கள். ஒரு மாதம் கணக்கு சேரட்டும். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கணினியின் டிஸ்க்கை முழுவதும் அழித்துவிட்டு, திங்கட்கிழமை காலை அம்மா பால் கணக்கு எழுத வருவதற்குள் எல்லாவற்றையும் பேக்கப்பிலிருந்து திரும்பக் கொண்டுவாருங்கள்.